சன்னலுக்கு வெளியே நின்ற உலோகப் பறவைகள்: ஒரு மருத்துவமனைக் கலைப்படைப்பு வைக்கப்பட்டதும் அகற்றப்பட்டதும்

இந்நிகழ்வை எடுத்துக்கொண்டதன் காரணம்

மருத்துவமனைகளில் கலைப்படைப்புகளை வைப்பதால் பயன் உண்டா என்று கேட்டால், உண்டு என்று பெரும்பாலோர் தயங்காமல் சொல்வார்கள். எந்தப் படைப்பை, யார் பார்க்கும்படி, யாருடைய ஒப்புதலோடு வைப்பது என்ற கேள்விகளுக்கு அவ்வளவு எளிதில் விடை கிடைப்பதில்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டர்ஹம் நகரிலுள்ள டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1990களின் நடுப்பகுதியில் நடந்த ஒரு நிகழ்வு இந்தக் கேள்விகளை ஒருசேர எழுப்பியது. புற்றுநோயாளிகளின் அறைகளிலிருந்து தெரியும்படி வைக்கப்பட்ட ஒரு சிற்பத் தொகுதி, அவர்களில் பலரை அச்சுறுத்தியதால் பின்னர் அகற்றப்பட்டது. கலை நோயாளியின் மனநிலையைப் பாதிக்கிறது என்பதற்கு நல்ல விளைவு தந்த நிகழ்வுகளைவிட இந்த நிகழ்வையே வலுவான சான்றாக நான் கருதுகிறேன். ஒன்றும் செய்ய வல்லமையற்ற அலங்காரப் பொருளாக மட்டும் அது இருந்திருந்தால் யாரும் அதைக் கண்டு அஞ்சியிருக்கமாட்டார்கள்.

இந்தப் பதிவில் நோயாளிகள், ஊழியர்கள், சிற்பக் கலைஞர் ஆகியோரின் பெயர்கள் இடம்பெறவில்லை. யாரையும் குறைகூறுவது இதன் நோக்கமும் அன்று. தான் வைத்த படைப்பைப் பற்றித் தன் நோயாளிகளிடமே கேட்டு, கிடைத்த விடையின்படி நடந்துகொண்ட மருத்துவமனை என்ற வகையில் அந்நிறுவனம் பாராட்டுக்குரியது.

பின்புலம்

டியூக் மருத்துவமனை கலைக்குப் புதியதன்று. நோயாளிகளுக்கும் ஊழியர்களுக்குமான கலைப் பணிகளை நடத்துவதற்கென்றே அங்கு ஒரு தனித் துறை 1970களின் இறுதியிலிருந்து இயங்கி வந்தது. அமெரிக்க மருத்துவமனைகளில் இத்தகைய முயற்சியை முன்கூட்டியே தொடங்கியவற்றுள் அதுவும் ஒன்று. எனவே இந்த நிகழ்வை அனுபவமின்மையால் நேர்ந்தது என்று தள்ளிவிட முடியாது. கலையில் ஈடுபாடும் பழக்கமும் உள்ளவர்கள் இருந்த இடத்தில்தான் இது நடந்தது.

அக்காலத்தில் மருத்துவமனைக் கட்டட அமைப்பைப் பற்றிய சிந்தனையைப் பெரிதும் மாற்றியிருந்தது ரோஜர் உல்ரிக் 1984ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வாகும். பென்சில்வேனியாவில் ஒரு புறநகர் மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை அவர் எடுத்துக்கொண்டார். சன்னல் வழியே மரங்களைப் பார்க்கும் அறையில் இருந்த ஒருவருக்கு இணையாக, வயது, பால், உடல்நிலை முதலியவற்றில் ஒத்திருந்தும் செங்கல் சுவரை மட்டுமே பார்க்கும் அறையில் இருந்த இன்னொருவரை வைத்து, 23 இணைகளை ஒப்பிட்டார். மரங்களைப் பார்த்தவர்கள் அறுவை சிகிச்சைக்குப் பின் சராசரியாக 7.96 நாட்களிலும், சுவரைப் பார்த்தவர்கள் 8.70 நாட்களிலும் வீடு திரும்பியிருந்தனர். மரங்களைப் பார்த்தவர்கள் கடுமையான வலிநிவாரணிகளைக் குறைவாகவே பெற்றிருந்தனர். அவர்களைப் பற்றிச் செவிலியர் எழுதிய குறிப்புகளிலும் மனச்சோர்வையும் அழுகையையும் சுட்டும் சொற்கள் குறைவாக இருந்தன. அந்த அறைகளில் ஓவியம் எதுவும் ஆராயப்படவில்லை என்றாலும், படுக்கையில் கிடப்பவரின் கண்ணுக்கு எதிரே இருப்பது அவர் தேறும் விதத்தைத் தொடுகிறது என்ற கருத்தை மருத்துவ உலகம் இதன் பின்னரே கவனத்துடன் கேட்கத் தொடங்கியது. மரங்கள் இல்லாத இடத்தில் படமோ சிற்பமோ அவற்றின் வேலையில் ஒரு பகுதியையாவது செய்யும் என்ற நம்பிக்கையும் அப்போதுதான் பரவியது.

வைக்கப்பட்டது என்ன, பார்த்தவர்கள் யார்

'பறவைத் தோட்டம்' என்று பெயரிடப்பட்ட அத்தொகுதியில் உயரமான உலோகச் சிற்பங்கள் இருந்தன. பெயர் பறவைகளைக் குறித்தாலும், இறகும் அலகும் பார்த்தவுடன் புலப்படும் உருவங்களாக அவை வடிக்கப்படவில்லை. அருவப் பாணியில், நேர்க்கோட்டு விளிம்புகளும் கூர்முனைகளும் கொண்டவையாக இருந்தன. ஓர் அருங்காட்சியகத்தின் முற்றத்தில் இருந்திருந்தால் பார்வையாளர் அவற்றைச் சுற்றி நடந்து, பெயர்ப் பலகையைப் படித்து, விரும்பினால் சிறிது நேரம் நின்றுவிட்டு அடுத்ததற்குச் சென்றிருப்பார்.

இங்கே பார்த்தவர்களின் நிலை வேறு. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர், வலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவற்றோடு, அடுத்த பரிசோதனையின் முடிவு என்னவாக இருக்குமோ என்ற கவலையையும் சுமந்தபடி ஒரே படுக்கையில் நாட்கணக்கில் கிடக்கிறார். அவர் எழுந்துசென்று சிற்பத்தை நெருங்கிப் பார்க்க இயலாது. அதைவிட்டு விலகிப் போகவும் இயலாது. பகலில் ஒரு வெளிச்சத்திலும் அந்தியில் இன்னொரு வெளிச்சத்திலும் அதே உருவங்கள் அவர் எதிரில் நிற்கின்றன. திரையை மூடிக்கொள்ளலாம் என்றால், சன்னல் தரும் ஒரே ஆறுதலான வானமும் வெளிச்சமும் சேர்ந்தே மறைந்துவிடும்.

கவனிக்கப்பட்டது

சிற்பங்கள் வைக்கப்பட்ட பின்னர், நோயாளிகளில் ஒரு பகுதியினர் அவற்றை வெறுத்துப் பேசுவது தெரியவந்தது. 'பிடிக்கவில்லை' என்ற ரசனைக் குறையாக மட்டும் இது இருந்திருந்தால் அதைக் கடந்து போயிருக்கலாம். கலைப்படைப்பைப் பற்றிக் குறை சொல்ல எந்தக் கட்டடத்திலும் சிலர் இருப்பார்கள். ஆனால் அவர்கள் சொன்னது அச்சத்தைப் பற்றியது. தெளிவற்ற அந்த வடிவங்களைப் பலர் இரைதேடும் கொடிய விலங்குகளாகக் கண்டார்கள். சிற்பத்தின் பெயரிலிருந்த பறவை அவர்களுக்குத் தென்படவில்லை. தம்மை நோக்கி நிற்கும் ஏதோ ஒன்றுதான் தென்பட்டது.

இத்தகைய பேச்சு பெரும்பாலும் எங்கே முடியும் என்பதை மருத்துவமனைகளில் பணியாற்றியவர்கள் அறிவார்கள். செவிலியர் கேட்டுக்கொள்வார், 'அது வெறும் சிலைதானே' என்று ஆறுதல் சொல்வார், காலையில் பணி மாறும்போது மருந்தைப் பற்றியும் காய்ச்சலைப் பற்றியும் தகவல் கைமாறும், சிலையைப் பற்றிய தகவல் கைமாறாது. நோயாளியும் தன் சிகிச்சையைத் தந்துகொண்டிருக்கும் நிறுவனத்திடம் அதன் சிற்பத்தைப் பற்றி முறையிட விரும்பமாட்டார். இந்த நிகழ்வு ஆவணமாக நமக்குக் கிடைப்பதற்குக் காரணம், இங்கே அந்தப் பேச்சு அப்படி முடியாமல் போனதுதான்.

கணக்கெடுப்பு

மருத்துவமனையின் கலைத் துறையும் அதே நிறுவனத்தின் நிர்வாகப் பயிற்சியாளர்களும் சேர்ந்து 1995ஆம் ஆண்டு ஒரு கணக்கெடுப்பை நடத்தினர். படைப்புகளை வைக்கும் பொறுப்பிலுள்ள துறையே அவற்றின் விளைவை அறிய முன்வந்தது குறிப்பிடத்தக்கது. தன் பணியைத் தானே சோதனைக்கு உட்படுத்துவது எந்தத் துறைக்கும் இயல்பாக வருவதன்று.

அச்சிற்பங்களைப் பார்க்க நேர்ந்த நோயாளிகளுள் ஐந்தில் ஒருவருக்கு மேற்பட்டோர், அவை தம்மிடம் ஒட்டுமொத்தமாக எதிர்மறையான உணர்வையே ஏற்படுத்தியதாகத் தெரிவித்தனர்.

இந்த விகிதத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில்தான் நிகழ்வின் மையம் இருக்கிறது. ஐந்தில் நால்வர் எதிர்க்கவில்லை என்றும் இதைப் படிக்கலாம். பொது இடத்தில் வைக்கப்பட்ட ஒரு நவீனச் சிற்பத்துக்கு அப்படியொரு ஏற்பு கிடைத்தால் நகராட்சி மகிழ்ந்துபோகும். மருத்துவமனைக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. சிகிச்சை தேவைப்படுவோரில் ஐந்தில் ஒருவருக்கு அச்சத்தை உண்டாக்கும் ஒரு மருந்து இருந்து, அதே பயனை அச்சமின்றித் தரும் வேறொரு மருந்தும் கையிருப்பில் இருந்தால், முதல் மருந்தை எல்லோருக்கும் ஒரே அளவில், அவர்களைக் கேட்காமல், நாள் முழுவதும் கொடுக்க எந்த மருத்துவரும் ஒப்பமாட்டார்.

எடுக்கப்பட்ட முடிவு

சிற்பங்கள் அகற்றப்பட்டன.

இம்முடிவு எளிதாகத் தோன்றினாலும் அத்தகைய சூழலில் வேறு வழிகள் இல்லாமல் இல்லை. விளக்கப் பலகை ஒன்றை வைத்து, இவை பறவைகள் என்று நோயாளிகளுக்குச் சொல்லலாம். ஆனால் ஓர் உருவம் அச்சமூட்டுகிறது என்றால், அதன் பெயரைத் தெரிந்துகொள்வதால் இரவு இரண்டு மணிக்கு அந்த அச்சம் தணிந்துவிடாது. அஞ்சுபவர்களை மட்டும் வேறு அறைக்கு மாற்றலாம் என்றால், அறை ஒதுக்கீடு நோயின் தேவைக்கேற்ப நடப்பது. மேலும், அச்சத்தை வாய்விட்டுச் சொல்பவருக்கு மட்டுமே அந்த ஏற்பாடு உதவும். பொறுத்திருந்தால் பழகிவிடும் என்ற வாதமும் உண்டு. நகரச் சதுக்கத்தில் அது உண்மையாகலாம். ஆனால் நோயாளிகள் சில நாட்களிலோ வாரங்களிலோ சென்றுவிடுவார்கள், அவர்கள் இடத்தில் வேறு நோயாளிகள் வருவார்கள், ஒவ்வொருவரும் முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால், அகற்றுவதுதான் எவர்மீதும் சுமையை ஏற்றாத வழி என்பது விளங்கும்.

ஏன் அவ்வாறு தோன்றியது

தெளிவற்ற ஓர் உருவத்தைப் பார்க்கும் மனம், அப்போது தன்னிடம் இருக்கும் உணர்ச்சிக்கு ஒத்த பொருளையே அதில் காண முற்படுகிறது என்று உளவியலில் ஒரு விளக்கம் உண்டு. மகிழ்ச்சியோடு இருப்பவருக்குத் துள்ளலாகத் தெரியும் ஒரு கோடு, கலங்கியிருப்பவருக்குக் கத்தியின் விளிம்பாகத் தெரியக்கூடும். உல்ரிக் இந்நிகழ்வை இந்த விளக்கத்தைக் கொண்டே பொருள்கொண்டார். சிற்பத்தைத் தேர்ந்தெடுக்கும் குழு நலமாக இருப்பவர்களைக் கொண்டது. அவர்கள் நண்பகலில், நின்றபடி, காப்பி குடித்துக்கொண்டே பார்க்கிறார்கள். அவர்கள் கண்டதும் நோயாளி கண்டதும் வேறுவேறாக இருந்ததற்கு ரசனையின் உயர்வு தாழ்வு காரணமன்று.

டியூக்கில் கணக்கெடுப்பு நடப்பதற்கு முன்பே இதைச் சுட்டும் சான்றுகள் சுவீடனிலிருந்து வந்திருந்தன. உப்சாலா பல்கலைக்கழக மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 160 நோயாளிகளைக் கொண்டு உல்ரிக்கும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு 1993இல் வெளியானது. நோயாளிகளில் சிலருக்கு நீர்நிலையும் மரங்களும் கொண்ட திறந்த காட்சி, சிலருக்குக் காட்டின் உட்புறம், சிலருக்கு அருவ ஓவியம், சிலருக்கு வெறும் வெள்ளைப் பலகை என்று படுக்கைக்கு எதிரே வைக்கப்பட்டன. வேறு சிலருக்கு எதுவும் வைக்கப்படவில்லை. நீர்நிலைக் காட்சியைப் பார்த்தவர்களிடம் பதற்றம் குறைந்தும் கடுமையான வலிநிவாரணியின் தேவை குறைந்தும் காணப்பட்டன. நேர்க்கோடுகளாலான அருவ ஓவியத்தைப் பார்த்தவர்களுக்கோ, எந்தப் படமும் இல்லாதவர்களைவிடவும் பதற்றம் மிகுந்திருந்தது. வெறுஞ்சுவரே மேல் என்று சொல்லத்தக்க ஓவியமும் உண்டு என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வு அதற்கு முன் அரிது. அதே நாட்டின் மனநல மருத்துவமனை ஒன்றில், பதினைந்து ஆண்டுப் பதிவுகளின்படி நோயாளிகளால் தாக்கிச் சேதப்படுத்தப்பட்ட ஓவியங்கள் யாவும் அருவ ஓவியங்களாகவே இருந்தன என்பதையும் உல்ரிக் குறித்திருக்கிறார்.

இவற்றைக் கொண்டு, மருத்துவமனையில் இருக்கத்தக்கது பச்சைப் புல்வெளியும் அமைதியான ஏரியும் மட்டுமே என்ற முடிவுக்கு வந்துவிடுவோர் உண்டு. அந்த முடிவோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. கலை வரலாற்றின் கொடூரமான ஓவியங்களுள் ஒன்று மருத்துவமனைக்காகவே வரையப்பட்டது. மத்தியாஸ் குரூனெவால்ட் 1512க்கும் 1516க்கும் இடையில், இன்று பிரான்சிலுள்ள ஐசன்ஹைம் ஊரின் அந்தோணியார் மடத்துக்குத் தீட்டிய பீட ஓவியத்தைத்தான் சொல்கிறேன். பூஞ்சை பிடித்த கம்புத் தானியத்தை உண்டதால் வரும் நோயால் கைகால் எரிந்து அழுகிப்போனவர்களை அம்மடத் துறவிகள் பேணினார்கள். அவர்கள்முன் நின்ற ஓவியத்தில் சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவின் உடல் முழுவதும் முட்களும் புண்களும் நிறைந்திருந்தன. கதவுகளைத் திறந்தால் உள்ளே அதே உடல் ஒளியாக உயிர்த்தெழுந்து நின்றது. அதைப் பார்த்தவர்களுக்கு அந்த உருவம் யார் என்பதிலோ, அந்தப் புண்களின் பொருள் என்ன என்பதிலோ ஐயமில்லை. துன்பம் அங்கே அப்பட்டமாக இருந்தது. ஆனால் அவர்கள் அனைவரும் அறிந்த ஒரு கதைக்குள் இருந்தது.

டியூக் சிற்பங்கள் துன்பம் எதையும் காட்டவில்லை. அவற்றைப் பார்த்தவர்களுக்குப் பொதுவாக ஒரு கதை இல்லாததால், ஒவ்வொருவரும் தம் அச்சத்தைக் கொண்டே அவற்றுக்குப் பொருள் தேடிக்கொள்ள நேர்ந்தது. படைப்பு மென்மையானதா கடுமையானதா என்பதைவிட, நோயாளி அதைப் புரிந்துகொள்ள அவர் கையில் என்ன இருக்கிறது என்பதே பெரிய கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

பின்னர் நடந்தவை

உல்ரிக் 1990களின் இறுதியிலிருந்து தம் எழுத்துகளில் இந்நிகழ்வைச் சுட்டிக்காட்டியதால், மருத்துவமனை வடிவமைப்பாளரிடையே இது அடிக்கடி மேற்கோளாகும் நிகழ்வாயிற்று. 2003இல் அவரும் லாரா கில்பினும் சேர்ந்து, நோயாளிகளுக்கான கலைப்படைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் வழிகாட்டுதல்களைத் தொகுத்தனர். அமைதியான நீர், பசுமையான செடிகொடிகள், ஆழம் தெரியும் திறந்தவெளி, தோட்டங்கள், பரிவு தோன்றும் முகங்கள் ஆகியவை பரிந்துரைக்கப்பட்டன. பொருள் தெளிவற்றவை, இருண்ட மனநிலையைக் காட்டுபவை ஆகியவற்றைத் தவிர்க்குமாறு சொல்லப்பட்டது.

2011இல் அமெரிக்க மனநலப் பிரிவு ஒன்றைப் பற்றி வெளியான ஆய்வு இதற்கு மேலும் வலுச்சேர்த்தது. நோயாளிகள் கூடும் அறையில் ஜாக்சன் பொல்லாக்கின் அருவ ஓவியம், வான் கோவின் வயல்வெளி, புல்வெளியும் மரங்களுமான நிலக்காட்சிப் படம் ஆகியவற்றை மாற்றிமாற்றி மாட்டியும், சில நாட்கள் எதுவும் மாட்டாமலும், பதற்றத்தைத் தணிக்கத் தேவைப்படும்போது மட்டும் கொடுக்கப்படும் மருந்து எத்தனை முறை கொடுக்கப்பட்டது என்று பார்த்தார்கள். நிலக்காட்சிப் படம் இருந்த நாட்களில் அம்மருந்தின் தேவை, பொல்லாக்கின் ஓவியம் இருந்த நாட்களையும் சுவர் வெறுமையாக இருந்த நாட்களையும்விடக் குறைந்திருந்தது. வார்டில் எப்படியும் எழுதிவைக்கப்படும் மருந்துப் பதிவேட்டைக் கொண்டே கலையின் விளைவை அறியலாம் என்பதைக் காட்டியதால், சிறிய மருத்துவமனைகளுக்கும் இது பயனுள்ள ஆய்வாகும்.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

முதலாவதாக, கருத்துக் கேட்பதைப் படைப்பு வைக்கப்பட்ட பின்பு செய்யாமல் முன்பே செய்யவேண்டும். சிற்பமாயின் அதன் முழு அளவு மாதிரியை அட்டையிலோ துணியிலோ செய்து, வைக்கவிருக்கும் இடத்தில் சில நாட்கள் நிறுத்தி, சிகிச்சையில் இருப்பவர்களிடமும் அண்மையில் முடித்தவர்களிடமும் கேட்கலாம். குழுவில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர் ஒருவராவது இருக்கவேண்டும். நோயாளிகள் மனத்திலுள்ளதைப் பேசுவது பெரும்பாலும் அவர்களிடம்தான்.

தேர்ந்தெடுப்பவர்கள் படுக்கையில் படுத்துப் பார்க்கவேண்டும். இது வேடிக்கையான யோசனையன்று. 1933இல் திறக்கப்பட்ட பின்லாந்தின் பைமியோ காசநோய் மருத்துவமனையை வடிவமைத்த ஆல்வார் ஆல்ட்டோ, அதைப் படுத்திருக்கும் மனிதருக்கான கட்டடமாகவே கருதினார். அறையின் கூரைக்கு அடர்பச்சை நிறம் தீட்டி, விளக்கொளி நேரே கண்ணில் விழாதபடி அமைத்தார். தலையணை உயரத்திலிருந்து, அந்தியிலும் இரவு விளக்கிலும் பார்க்கப்படாத ஒரு படைப்பு முழுமையாகப் பார்க்கப்பட்டதாகாது.

இடத்துக்கு இடம் விதி மாறவேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்தது. நுழைவு மண்டபத்தில் எல்லோரும் கடந்து செல்லும் படைப்பு துணிவானதாக, வாதத்துக்கு இடம் தருவதாகக்கூட இருக்கலாம். லண்டனின் செல்சி அண்ட் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனை தன் உள்முற்றத்தில் ஆலன் ஜோன்சின் மிக உயரமான கழைக்கூத்தாடிச் சிற்பத்தை வைத்திருக்கிறது. அதைப் பார்ப்பவர் நடந்துகொண்டிருக்கிறார். படுக்கைக்கு எதிரேயுள்ள சுவரிலும் சன்னலிலும் அந்த உரிமையை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே நோயாளியே தேர்ந்தெடுப்பது இன்னும் நல்லது. அமெரிக்க மருத்துவமனைகள் சிலவற்றில் சட்டமிட்ட படங்களை ஒரு தள்ளுவண்டியில் அறைக்கு அறை கொண்டுசென்று, வேண்டியதை மாட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். மருந்து, உணவு, உடை, உறங்கும் நேரம் என எல்லாவற்றையும் பிறர் முடிவுசெய்யும் இடத்தில், ஒரு படத்தையாவது தாமே முடிவுசெய்வது சிறிய பொருளன்று. படம் பிடிக்கவில்லையென்றால் மறுநாள் மாற்றிக்கொள்ளவும் முடியும்.

வழிகாட்டுதல்களை அப்படியே இறக்குமதி செய்வதிலும் கவனம் தேவை. மேலே கண்ட சான்றுகள் அமெரிக்காவிலும் சுவீடனிலும் திரட்டப்பட்டவை. உருவத் தெளிவு மட்டும் போதும் என்று கொண்டால், மிக அழகாக, ஓர் இறகுகூட விடாமல் வரையப்பட்ட ஆந்தைப் படத்தைத் தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றின் வார்டில் மாட்டிவிடக் கூடும். ஆந்தை அலறினால் சாவு வரும் என்று கேட்டு வளர்ந்த நோயாளிக்கும், அவருக்குத் துணையிருக்கும் தாய்க்கும் அந்தப் படம் என்ன சொல்லும் என்பதை எந்த வெளிநாட்டு ஆய்வும் நமக்குச் சொல்லித்தராது, அவர்களைத்தான் கேட்கவேண்டும்.

கடைசியாக, கலைஞருடன் செய்துகொள்ளும் ஒப்பந்தத்திலேயே மீளாய்வுக்கான காலத்தையும், படைப்பு அகற்றப்பட நேர்ந்தால் அது எங்கே செல்லும், செலவை யார் ஏற்பார், வேறு பொது இடத்தில் அதை வைக்க மருத்துவமனை எவ்வாறு உதவும் என்பதையும் எழுதிக்கொள்வது நல்லது. அவ்வாறு எழுதப்பட்டிருந்தால் அகற்றுவது கலைஞருக்கு அவமதிப்பாகவோ நிர்வாகத்துக்குத் தோல்வியாகவோ ஆகாது. நோயாளிகளிடமிருந்து முதல் முறையீடு வரும்போதே அதைத் தயக்கமின்றிக் கேட்கும் நிலையில் இரு தரப்பினரும் இருப்பார்கள்.